எறியப்படாத கல்லுக்கு ஒரு கையொப்பம்



ஓடிக்கொண்டிருக்கும் காரின் கண்ணாடி, எவரும் தொடாமல், எதுவும் மோதாமல், வெடிச் சத்தத்துடன் நொறுங்கி விழுவதுண்டு. வண்டியை ஓரங்கட்டி, பிள்ளைகளின் தலையிலும் மடியிலும் கிடக்கும் சில்லுகளை உதறிவிட்டுக் காப்பீட்டு முகவரைத் தொலைபேசியில் அழைத்தால், நலம் விசாரித்த மறுநொடியே அவர் கூறும் அறிவுரை ஒன்றுதான்: "கல் பட்டது என்று எழுதிவிடுங்கள் பாய், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்." பணிமனையில் இருப்பவரும் அதையே சொல்கிறார். ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாத நம் உறவினர்களும் அதையே சொல்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்திற்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

"கண்ணாடி உடைந்தது உண்மை. செலவானது உண்மை. பிரீமியம் கட்டியதும் உண்மை. காரணம் என்ற கட்டத்தில் ஒரு சொல் முன்பின்னாக இருந்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி நியாயமானதுபோல் ஒலிப்பதால்தான் இத்தனை பேர் அதற்கு இணங்கிவிடுகிறார்கள்.

முதலில் கண்ணாடி ஏன் இவ்வாறு உடைகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. காரில் இருவகைக் கண்ணாடிகள் உள்ளன. ஓட்டுநருக்கு முன்னே இருப்பது லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். கல் பட்டால் பட்ட இடத்தில் நட்சத்திரம்போல் விரிசல் விழும். தகடு பெயர்ந்து மேலே விழாது. பின்புறத்திலும் பெரும்பாலான கார்களின் பக்கவாட்டுக் கதவுகளிலும் கூரையிலுள்ள சன்ரூஃபிலும் இருப்பது டெம்பர்டு கண்ணாடி. இதனை 600 டிகிரி செல்சியஸுக்கும் மேலாகச் சூடேற்றி, பின்னர் காற்றைப் பீய்ச்சி வேகமாகக் குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்க முயலும்; இறுகிய மேற்பரப்பு அதற்கு இடங்கொடாது. இவ்வாறாக மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிலையாகப் பூட்டப்பட்டுவிடுகின்றன. சாதாரணக் கண்ணாடியைக் காட்டிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு வலிமை அதற்கு இதனால்தான் வருகிறது. அதன் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. ஒரு கீறல் மேற்பரப்பைத் தாண்டி உட்பகுதியைத் தொட்டுவிட்டால், பூட்டி வைத்த விசை முழுவதும் நொடியில் அவிழ்ந்து, கண்ணாடி முழுமையும் சிறுசிறு கட்டிகளாகச் சிதறிவிடும்.

மாணவர்களுக்கு இதை விளக்க ஒரு பழைய வேடிக்கையைச் சொல்வது என் வழக்கம். உருகிய கண்ணாடியைத் துளியாகத் தண்ணீரில் விட்டால் தலைப்பிரட்டை வடிவில் ஒரு கண்ணாடித் துளி உண்டாகும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. மெல்லிய வாலைக் கிள்ளினால் முழுத் துளியும் வெடித்துத் தூளாகும். இளவரசர் ரூப்பர்ட் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த இத்துளிகளை, மன்னர் இரண்டாம் சார்லஸ் 1661-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்வுக்குக் கொடுத்தார். நம் காரின் பின்கண்ணாடி அத்துளியின் உறவுக்காரன்தான்.

எப்போதோ பொருத்தும்போது விளிம்பில் விழுந்த சிறு சிதைவாக இருக்கலாம். சில மாதங்களுக்கு முன்பு பட்டு மறந்துபோன ஒரு பொடிக்கல்லாக இருக்கலாம். உலைக்குள் கலவையில் தங்கிவிட்ட நிக்கல் சல்ஃபைடு துகள் ஆண்டுக்கணக்கில் மெல்லப் பருத்து உள்ளிருந்து நெருக்கியதாகவும் இருக்கலாம். இந்த நிக்கல் சல்ஃபைடு கோளாறு கட்டடக் கண்ணாடிகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று. அதற்காகவே அங்கு சில கண்ணாடிகளைப் பொருத்தும் முன் மணிக்கணக்கில் கடும் சூட்டில் வைத்து, உடைய வேண்டியது தொழிற்சாலையிலேயே உடையட்டும் என்று சோதிக்கிறார்கள். இவற்றின்மேல் சித்திரை வெயில், உள்ளே குளிர்சாதனக் காற்று, சாலையின் குலுக்கல். கடைசி உந்துதல் எது என்பதை, சிதறிய குவியலைப் பார்த்து ஒரு பொறியாளரும் எளிதில் சொல்லிவிட முடியாது. முன்கண்ணாடி தன்மேல் பட்ட கல்லின் தழும்பைக் காட்டும். டெம்பர்டு கண்ணாடியோ பெரும்பாலும் தன் சாட்சியத்தைத் தானே அழித்துக்கொள்ளும்.

(கண் திருஷ்டி என்று சொல்லிப் புதுக்கண்ணாடியில் எதையாவது தொங்கவிடும் சகோதரர்களுக்கு ஒரு சொல்: கண்ணேறு உண்மை என்று நபிமொழி இருக்கிறது, உடைந்த ஒவ்வொரு பொருளுக்கும் அதுவே காரணம் என்று எங்கும் இல்லை.)

இப்படிப்பட்ட உடைப்பிற்கு "எப்படி உடைந்தது?" என்று படிவம் கேட்டால் உண்மையான விடை ஒன்றே: "எனக்குத் தெரியாது. எதுவும் மோதியதை நான் காணவில்லை, கேட்கவில்லை." நம் இமாம்கள் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டதில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தொலைவிலிருந்து வந்து பல கேள்விகளைக் கேட்டவருக்கு, அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு அவர்கள் தெரியாது என்றே விடையளித்த செய்தியை மதரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான். அதே சிறுவனின் தகப்பனார் ஒரு காப்பீட்டுப் படிவத்திற்கு முன்னால் அமர்ந்ததும் ஏன் எல்லாம் அறிந்தவராகிவிடுகிறார்?

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சிறிய ஜவுளி வியாபாரி. சென்ற கோடையில் மனைவி மக்களுடன் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குச் சென்றுகொண்டிருந்தார். கீரனூரைத் தாண்டிய சிறிது நேரத்தில் பின்கண்ணாடி வெடித்தது. பின்னால் எந்த வாகனமும் இல்லை. பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த இளைய மகளின் கழுத்தில் இரண்டு மூன்று கீறல்கள். தாயாரின் துப்பட்டி அவள் முகத்தின்மேல் கிடந்ததால் கண்கள் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். முகவர் அந்த வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல் என்று எழுதவும் சொல்லிக்கொடுத்தார். முன்னால் போன லாரியின் கல், காரைக் கடந்து பறந்து, திரும்பி வந்து பின்கண்ணாடியைத் தாக்கியதாம்! பொய்க்கு அவசரம் அதிகம், திசையைக்கூடப் பார்ப்பதில்லை.

அந்தச் சகோதரர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், இப்படி எழுதலாமா?" என்று கேட்டார். கூடாது என்றேன். "அப்படியானால் பணம் வராதே?" என்றார். அதன்பின் நாங்கள் இருவரும் அமர்ந்து அவருடைய பாலிசியை வரிவரியாகப் படித்தோம். நம்மில் எத்தனை பேர் தாம் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை ஒருமுறையேனும் படித்திருக்கிறோம்? ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. படிக்காத ஒப்பந்தத்தை எவ்வாறு நிறைவேற்றுவது?

அதில் கண்டவற்றை எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன். 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளில் வகுக்கப்பட்டு, இன்றும் பெரும்பாலான பாலிசிகளில் தொடரும் சொந்த வாகனச் சேதப் பிரிவில், தீ, திருட்டு, கலவரம், வெள்ளம் முதலியவற்றுடன் "விபத்தாக நேரும் புறக் காரணங்கள்" என்பதும் ஓர் இனமாக இருக்கிறது. தேய்மானமும், இயந்திர, மின்சாரப் பழுதுகளும் விலக்கப்பட்டுள்ளன. உதிரிபாகங்களுக்கு வயதுக்கேற்பக் கழிவு செய்வார்கள். பிளாஸ்டிக்கிற்கும் ரப்பருக்கும் பாதி போய்விடும். கண்ணாடிக்கு மட்டும் அந்தக் கழிவு கிடையாது. 1500 சிசி வரையுள்ள தனியார் காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய். உரிமை கோரினால், ஆண்டுதோறும் 20 விழுக்காட்டிலிருந்து 50 வரை ஏறிவரும் நோ கிளைம் போனஸ் அறுந்துவிடும். சிறிய கண்ணாடிக்கு உரிமை கோருவதைவிடக் கைக்காசில் மாற்றிக்கொள்வதே சில வேளைகளில் இலாபம். இந்த எளிய கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல் பொய் எழுதி, ஆக்கிரத்தையும் போனஸையும் ஒருசேர இழப்பவர்கள் உண்டு.

ஆக, கேள்வி "புறக் காரணம்" என்ற சொல்லில் வந்து நிற்கிறது. "யாரும் எறியவில்லை, எதுவும் மோதவில்லை என்றால் இது கண்ணாடியின் உற்பத்திக் குறை, ஷோரூமில் கேளுங்கள்" என்கிறது காப்பீட்டு நிறுவனம். ஷோரூமுக்குச் சென்றால், "கண்ணாடி தானாக உடையாது, வெளியிலிருந்து ஏதோ பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது, காப்பீட்டில் கேளுங்கள்" என்கிறார்கள். ஒரே கண்ணாடி, ஒரு மேசையில் உள்ளிருந்து உடைந்தது. அடுத்த மேசையில் வெளியிலிருந்து உடைந்தது. இரு மேசைகளிலும் மடிப்புக் கலையாத சட்டை அணிந்த இளைஞர்கள் முழு உறுதியோடு பேசுகிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர்தான் தெரியாது என்ற உண்மையைச் சொல்கிறார். அவர் பேச்சு மட்டுமே அங்கு எடுபடுவதில்லை.

இங்கேதான் நிறுவனங்களின் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். பொய் சொன்னவருக்கு ஐந்து நாளில் பணமும், உண்மை சொன்னவருக்கு ஐந்து வார அலைச்சலும் தரும் ஏற்பாடு, பொய்யை விலை கொடுத்து வாங்கும் ஏற்பாடாகும். காப்பீட்டுச் சட்டத்தின் அடித்தளமே முழுமையான நல்லெண்ணம் என்பார்கள். 1766-இல் இங்கிலாந்தில் கார்ட்டர், போயம் ஆகியோருக்கிடையிலான வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த தீர்ப்பு அதற்கு முன்னோடி. அந்த நல்லெண்ணம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பது அத்தீர்ப்பிலேயே இருக்கிறது. நிறுவனங்களோ வாடிக்கையாளரின் வாயிலிருந்து மட்டும் உண்மையை எதிர்பார்க்கின்றன. தம் முகவர் தொலைபேசியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்பது அவற்றின் காதில் விழுவதில்லை.

இனி நம்மவர்களின் சாக்குகளுக்கு வருவோம். எனக்கு அதிக வேதனை தருவது இதுதான். "ஹஜ்ரத், இன்சூரன்ஸே ஹராம் என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்? ஹராமான கம்பெனியிடமிருந்து எப்படி வாங்கினால் என்ன?" என்று ஒரு வாலிபர் என்னிடமே கேட்டார். மார்க்கத்தைக் கொண்டே மார்க்கத்தை முறிக்கும் இந்தச் சாதுரியம் ஆபத்தானது.

வணிகக் காப்பீட்டைப் பற்றிய கருத்து வேறுபாடு அறிஞர்களிடையே உள்ளதுதான். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிச்சயமின்மை என்னும் கரர் காரணமாக வணிகக் காப்பீடு கூடாது, கூட்டுறவு முறையிலான காப்பீடு கூடும் என்று முடிவு செய்தது. ஷெய்க் முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்றோர் கூடும் என்ற கருத்தில் இருந்தனர். இலங்கையிலும் மலேசியாவிலும் உள்ள நம் உறவினர்களுக்குத் தகாஃபுல் இருக்கிறது. இந்தியாவில் நம் வாகனத்திற்கு அந்த வழி கிடைப்பதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கவே முடியாது. அந்த நிர்ப்பந்தத்தை உலமாக்கள் கருத்தில் கொள்கிறார்கள். அதற்கு மேற்பட்ட சொந்தச் சேதக் காப்பீட்டை எடுப்பதா, எடுத்தால் கட்டிய தொகைக்கு மிஞ்சி வருவதை என்ன செய்வது என்பதையெல்லாம் அவரவர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். (வங்கி வட்டிக் கடனில் கார் வாங்கியதால் முழுக் காப்பீடு எடுக்க வேண்டி வந்தது என்பவரிடம் பேச வேண்டியது வேறு. அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

எந்தக் கருத்தை எடுத்துக்கொண்டாலும் பொய்க்கு அதில் அனுமதி இல்லை. மக்கத்துக் குறைஷியர் நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்டிருந்த இரவிலும், அதே மக்கள் நம்பி ஒப்படைத்திருந்த அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலீ (ரலி) அவர்கள் மக்காவில் நிறுத்தப்பட்டார்கள். எதிரியின் அநியாயம் அவனுடைய பொருளை ஹலாலாக்கிவிடும் என்றால், அந்த இரவில் அல்லவா ஆக்கியிருக்க வேண்டும்?

முகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்களின் செய்தி இன்னும் நேரடியானது. இஸ்லாத்தைத் தழுவும் முன்பு அவர்கள் தம்முடன் பயணித்த இணைவைப்பாளர் சிலரைக் கொன்று, அவர்களுடைய செல்வத்தை எடுத்துக்கொண்டு மதீனா வந்து இஸ்லாத்தை ஏற்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அவருடைய இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் செல்வத்தில் தமக்குச் சம்பந்தமில்லை என்று விலக்கிவிட்டார்கள். ஹுதைபிய்யா உடன்படிக்கை பற்றிய ஸஹீஹ் புகாரியின் நீண்ட அறிவிப்பில் இது இடம்பெற்றுள்ளது. உரியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆயினும் நம்பிக்கைத் துரோகத்தால் வந்த பொருள் ஏற்கப்படவில்லை. இதைவிட நம் வாலிபருக்கு என்ன விடை வேண்டும்?

கல் என்று எழுதும் பொய் ஒருவரோடு நிற்பதுமில்லை. முகவர் அதற்குச் சான்று கூறுகிறார். பணிமனைக்காரர் கல் பட்ட தடயம் கண்டதாக மதிப்பீட்டுத் தாளில் குறிக்கிறார். நிறுவனத்தின் சர்வேயர் கேட்டால், ஓட்டுநரும் மனைவியும் ஆமாம் என்று தலையசைக்க வேண்டும். பின்னிருக்கையில் இருந்த பத்து வயது மகன், வாப்பா சொல்வது நடக்காத ஒன்று என்பதை அறிந்தே கேட்டுக்கொண்டிருக்கிறான். பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியம் பற்றிக் கூறும்போது சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து, திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். ஒரு கண்ணாடிக்காக அந்தப் பாவத்தில் ஐந்து பேரைப் பங்காளிகளாக்குகிறோம்.

"யாருக்கும் நஷ்டமில்லாத பொய்" என்பதும் உண்மையில்லை. ஒரு குறிப்பிட்ட மாதிரிக் காரின் கண்ணாடியில் மெய்யாகவே உற்பத்திக் குறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காரை வாங்கிய நூறு பேருக்குக் கண்ணாடி வெடிக்கிறது. நூறு பேரும் கல் பட்டது என்று எழுதுகிறார்கள். குறையை ஆவணங்களில் தேடுபவருக்கு நூறு கற்கள்தான் கிடைக்கும், குறை கிடைக்காது. அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே மக்கள் தங்கள் சன்ரூஃப் காரணமின்றி வெடித்தது என்று உள்ளதை உள்ளபடி போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் எழுதிவந்தார்கள். அத்தகைய புகார்கள் குறைந்தது 859 இருப்பதைக் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2017-இல் வெளிப்படுத்தியது. அதற்கு முன்பே, 2012-இன் இறுதியில், ஹூண்டாய் நிறுவனம் தன் வெலோஸ்டர் கார்களை இதே சன்ரூஃப் உடைப்பிற்காகத் திரும்ப அழைத்தது. நம் நாட்டிலும் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிடும் அதிகாரம் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அந்த அதிகாரம் மக்களின் புகார்களை நம்பித்தான் இயங்கும். நாம் எழுதும் ஒவ்வொரு கற்பனைக் கல்லும், அதே காரில் பயணிக்கும் இன்னொருவர் குழந்தையின் கழுத்தைக் காக்க வேண்டிய ஒரு சாட்சியத்தை அழிக்கிறது. துப்பட்டி எல்லாக் குழந்தைகளின் முகத்தின்மேலும் கிடக்காது.

நனைந்த தானியத்தை அடியில் வைத்து, உலர்ந்ததை மேலே குவித்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மழை நனைத்தது அவர் குற்றமன்று. மறைத்தது குற்றம். கண்ணாடி உடைந்ததும் நம் குற்றமன்று.

மறுமுனையில் நிற்கும் சிலரும் இருக்கிறார்கள். "அல்லாஹ் நாடியது நடந்தது; ஸப்ர் செய்துகொண்டு கைக்காசில் மாற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்கு ஏன் இத்தனை கடிதம்?" என்பார்கள். வசதியுள்ளவர் அப்படிச் செய்யலாம், தடையில்லை. ஆனால் பணம் கட்டிப் பெற்ற உரிமையைக் கேட்பது பொறுமைக்கு எதிரானது என்று மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு உபதேசிப்பது, அவரை மறுபடியும் அந்தக் கல்லின் பக்கமே தள்ளிவிடும்.

எங்கள் சகோதரர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். காரணம் என்ற கட்டத்தில், "வாகனம் ஓடிக்கொண்டிருக்கையில் பின்கண்ணாடி திடீரெனச் சிதறியது. எதுவும் மோதியதை நான் காணவில்லை. காரணம் தெரியவில்லை" என்று எழுதினார். முகவர் கோபித்துக்கொண்டார். நிறுவனம் முதலில் வாய்மொழியாக மறுத்தது. மறுப்பை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டார். ஷோரூமிலும் வாரண்டி மறுப்பை எழுத்தில் கேட்டார். வாய்மொழியில் அத்தனை உறுதியாக இருந்தவர்கள் எழுத்தென்றதும் தயங்கினார்கள்; கடைசியில் "வெளிப்புறத் தாக்கத்தால் ஏற்பட்ட சேதம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் தம் வாக்கை மாற்றவில்லை. "எனக்குத் தெரியாது, ஆனால் இந்தக் காரை நன்கு அறிந்தவர்கள் இவ்வாறு கூறுகிறார்கள்" என்று ஒரு வரி சேர்த்து, அந்தக் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திற்கு அனுப்பினார். ஐந்து வாரங்களுக்குப் பின், 1,000 ரூபாய் கழித்துக்கொண்டு தொகை வந்தது. அதுவரை பின்புறத்தில் பாலித்தீன் தாளை ஒட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார். ஒருமுறை மழையில் இருக்கை முழுவதும் நனைந்தது. பொய் எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அதை மறைத்து, உண்மை சொன்னால் எல்லாம் உடனே கிடைக்கும் என்று நான் உங்களிடம் சொன்னால், அதுவும் ஒரு கற்பனைக் கல்லே.

எனினும் உண்மை எழுதியவரிடம் ஒரு பலம் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் உற்பத்திக் குறை என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளுடன் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உற்பத்தியாளரைக் கேட்கலாம்; மாவட்ட ஆணையத்தில் ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்கிற்குக் கட்டணமும் இல்லை. ஷோரூம் வெளிக் காரணம் என்று எழுதினால், அந்தத் தாளுடன் காப்பீட்டைக் கேட்கலாம். விலக்கு விதி பொருந்துகிறது என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்தினுடையது என்றும், ஐயத்திற்கிடமான சொல்லை அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்றும் நம் நீதிமன்றங்கள் கூறி வந்துள்ளன. கல் என்று எழுதியவரோ வாரண்டிக் கதவைத் தம் கையாலேயே பூட்டிவிட்டார். சர்வேயர் பொய்யைக் கண்டுகொண்டால் காப்பீட்டுக் கதவும் மூடிவிடும்.

ஆகவே இப்படி ஒன்று நேர்ந்தால், சில்லுகளைப் பெருக்கித் தள்ளும் முன் படமெடுங்கள். சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளை அருகில் சென்று எடுங்கள். உடைப்பு தொடங்கிய இடத்தில் வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல் இரண்டு பெரிய துண்டுகள் தென்பட்டால் அது உள்ளிருந்த துகளுக்கு ஓர் அடையாளமாகலாம். நேரம், இடம், வேகம், வெயில், குளிர்சாதனம் ஓடியதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுது பார்க்கும் முன்பே நிறுவனத்திற்குத் தெரிவியுங்கள். மறுத்தால் எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் விடை வராவிட்டாலோ, வந்த விடை திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டிற்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை.

நம் ஜமாஅத்துகளில் காப்பீட்டு முகவர்களாகவும் பணிமனை உரிமையாளர்களாகவும் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கமிஷனையும் உழைப்பையும் நான் குறைத்துப் பேசவில்லை. அடுத்த முறை ஒருவர் உடைந்த கண்ணாடியுடன் உங்கள் முன் வந்து அமரும்போது, அவசரத்தில் படிவத்தை நீங்களே நிரப்பிக் கையொப்பத்தை மட்டும் கேட்காதீர்கள். "எப்படி உடைந்தது?" என்ற கட்டத்தை அவரையே தம் கையால் எழுதச் சொல்லுங்கள். அவர் "தெரியவில்லை" என்று எழுதினால், அதை அடிக்காமல் அப்படியே அனுப்பிவையுங்கள்.